பொய் வழக்குப் போட்டவர்மேல் திருப்பி வழக்குப் போடலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் கமிட்டியில் பொருளாளராக இருந்தீர்கள். திருவிழாக் கணக்கில் 86,000 ரேண்டைக் காணோம் என்று தலைவர் போலீஸில் பிராது கொடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிடித்துக்கொண்டு போய், திங்கட்கிழமை ஜாமீனில் விட்டார்கள். 14 மாதம் வாய்தா வாய்தாவாக அலைந்தபின் பிராசிகியூட்டர் (அரசு வக்கீல்) வழக்கை வாபஸ் வாங்கினார். அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. இதற்கு நடுவில், நீங்கள் போட்டியிட இருந்த பொதுக்குழுவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நீங்கள் கோயில் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று டர்பன் உயர் நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரியாமலே ஓர் இடைக்காலத் தடை வாங்கினார். பொதுக்குழு முடிந்தபிறகு அது ரத்தானது. அப்புறம், நீங்கள் தொல்லை கொடுக்கிறீர்கள் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு பாதுகாப்பு மனு, அதுவும் தள்ளுபடி. கமிட்டி வாட்ஸ்ஆப் குழுவில் அவர் போட்ட ஒரு வரி உங்களிடம் இருக்கிறது: “மீட்டிங் முடியிற வரைக்கும் கேஸ் ஓடினாப் போதும்.” மூன்றுக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போடலாமா, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்க வந்தது இன்னும் கொஞ்சம் ஆழமானது என்று நினைக்கிறேன். “மூன்றிலும் அவர் தோற்றுவிட்டார்; அப்படியானால் மூன்றும் பொய் வழக்கு என்றுதானே அர்த்தம்?” என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கு நேரான பதில்: இல்லை. தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் தோற்ற வழக்கு வேறு, பொய் வழக்கு வேறு. ஒருவர் நேர்மையாக நம்பி, நம்புவதற்குக் காரணமும் வைத்துக்கொண்டு வழக்குப் போட்டுத் தோற்றால், அவர் கொடுக்கவேண்டியது கோர்ட் செலவுத்தொகை மட்டுமே. நஷ்ட ஈடு கேட்கவேண்டுமானால் இரண்டு காலும் தரையில் நிற்கவேண்டும்: வழக்குப் போட நியாயமான காரணம் இருக்கவில்லை என்பது ஒரு கால், கெட்ட எண்ணத்தோடு போட்டார் என்பது இன்னொரு கால். பகையோடு போட்ட வழக்கானாலும் அதில் சரக்கு இருந்தால் உங்கள் கோரிக்கை விழுந்துவிடும். சரக்கே இல்லாத வழக்கானாலும் அவர் அசட்டுத்தனமாக நம்பித்தான் போட்டார் என்றால் அப்போதும் விழுந்துவிடும். உங்கள் காகிதங்கள் எதையும் நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் கீழே சொல்வதெல்லாம்.

முதலில் நாள்கணக்கு. மற்றதெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. அரசாங்க அமைப்பின்மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடுவதற்கு முன்னால் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம். கோரிக்கை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்த நோட்டீஸ் போய்ச் சேரவேண்டும். போலீஸ் என்றால் தேசிய கமிஷனருக்கும் மாகாண கமிஷனருக்கும். பிராசிகியூட்டரையும் சேர்ப்பதென்றால் தேசியப் பிராசிகியூஷன் இயக்குநருக்கும். என்ன நடந்தது, எங்கே, எப்போது, எந்த வழக்கு எண், எவ்வளவு கேட்கிறீர்கள் என்று ஒன்றிரண்டு பக்கம் போதும். கொடுத்தபின் 30 நாள் பொறுத்துத்தான் சம்மன் சார்வு செய்யலாம். அதற்குள் அவர்களே பொறுப்பை மறுத்துப் பதில் எழுதிவிட்டால் காத்திருக்கத் தேவையில்லை. தலைவர் தனியாள், ஆகவே அவருக்கு இந்த நோட்டீஸ் எதுவும் வேண்டாம். அவர் விஷயத்தில் 1969ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம் சொல்லும் மூன்று வருடம்தான் கணக்கு.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கைதும் பொய் வழக்கும் ஒரே சம்பவம் மாதிரித் தெரிந்தாலும், சட்டத்துக்கு அவை இரண்டு தனிக் கோரிக்கைகள், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். சட்டவிரோதக் கைதின் கடிகாரம் உங்களைப் பிடித்த அன்றைக்கே ஓடத் தொடங்கிவிட்டது. பொய் வழக்கின் கடிகாரம் கிரிமினல் வழக்கு உங்களுக்குச் சாதகமாக முடிந்த அன்றைக்குத்தான் தொடங்கும். கிழக்குக் கேப் நீதிமன்றம் 1971இல் தாம்ப்ஸன் வழக்கில் வகுத்த இந்த வேறுபாடு இன்றும் பின்பற்றப்படுகிறது. உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாபஸாகி நான்கு மாதம். பொய் வழக்கு நோட்டீஸுக்கு இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கிறது. கைதாகிப் பதினெட்டு மாதம். கைது நோட்டீஸுக்கான ஆறு மாதம் எப்போதோ போய்விட்டது. ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. போலீஸ் தரப்பு ஆட்சேபித்தால், தாமதத்தை மன்னிக்கும்படி கோர்ட்டில் மனுப் போடலாம். மூன்று காட்டவேண்டும்: கோரிக்கை இன்னும் காலாவதி ஆகவில்லை, தாமதத்துக்கு நல்ல காரணம் உண்டு, அரசுத் தரப்புக்கு இதனால் பெரிய பாதிப்பு இல்லை. “கிரிமினல் வழக்கு முடியட்டும் என்று இருந்தேன்” என்பதைச் சில நீதிபதிகள் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. ஆனால் மூன்று வருடம் கடந்துவிட்டால் மன்னிப்பு மனுவுக்கே வழியில்லை.

போலீஸ்மேல் எதைப் போடுவது, தலைவர்மேல் எதைப் போடுவது என்பதையும் பிரித்துப் பாருங்கள். கைது விஷயத்தில் நிரூபிக்கும் பொறுப்பு போலீஸுடையது. வாரண்ட் இல்லாமல் பிடித்திருந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி நியாயமான சந்தேகம் இருந்தது என்று அவர்கள்தான் காட்டவேண்டும். மோசடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணைக் குற்றம், அதாவது நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே பிடிக்கக்கூடியது. ஆகவே கையெழுத்திட்ட வாக்குமூலமும் ஒரு பேங்க் அறிக்கையும் கையில் இருந்தாலே பல கோர்ட்டுகளில் அது போதுமானதாகிவிடும். அதற்குப் பிறகும் கைது செய்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமையை அதிகாரி நேர்மையாகப் பயன்படுத்தினாரா என்று கேட்கலாம். 2010இல் செகோட்டோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடம் வைத்தது. ஆனால் அப்படிப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலக் கைது என்பது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. 48 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்தவேண்டும் என்பது சட்டம். அது ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் திங்கட்கிழமைவரை நீளும். யார் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது டாக்கெட்டில், அதாவது போலீஸின் விசாரணைக் கோப்பில், தெரியும். பிராசிகியூட்டர்மேல் பொய் வழக்குக் கோரிக்கை ஜெயிப்பது அபூர்வம். நல்லெண்ணத்தோடு செய்ததற்கு அவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. என் அபிப்பிராயம்: போலீஸ்மேல் கைது, தலைவர்மேல் பொய் வழக்கு. பிராசிகியூட்டரை, டாக்கெட்டைப் பார்த்தபிறகு வேண்டுமானால் சேர்க்கலாம். நோட்டீஸை மட்டும் இப்போதே அனுப்பி வையுங்கள், அதற்குச் செலவு அதிகமில்லை.

இனி பொய் வழக்குக் கோரிக்கையின் நான்கு தூண்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் மொலேக்கோ வழக்கில் இவற்றை வரிசைப்படுத்தியது; டர்பனில் எந்த நீதிபதியும் அதைத்தான் முதலில் எடுத்துவைப்பார். எதிராளி சட்டத்தை இயக்கிவிட்டார், நியாயமான காரணம் இல்லாமல் செய்தார், கெட்ட எண்ணத்தோடு செய்தார், வழக்கு தோற்றது. நான்கையும் நிரூபிக்கவேண்டியவர் நீங்கள். ஒன்று உடைந்தாலும் கூரை நிற்காது.

முதல் தூணில்தான் தனியாள்மேல் போடும் வழக்குகள் அதிகம் உடைகின்றன. போலீஸில் பிராது கொடுப்பது மட்டுமே சட்டத்தை இயக்கிவிடுவது ஆகாது. தனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொல்லி, என்ன செய்வது என்பதைப் போலீஸிடமும் பிராசிகியூட்டரிடமும் விட்டுவிட்டால் அவருக்குப் பொறுப்பில்லை, முடிவெடுத்தது அவர்கள். அவர் அதற்கு மேல் போயிருக்கவேண்டும்: பொய் சொல்லியிருக்கவேண்டும், அல்லது தெரிந்தே முக்கியமான ஒன்றை மறைத்திருக்கவேண்டும், அல்லது வழக்கை நகர்த்தச் சொல்லி விடாமல் நெருக்கியிருக்கவேண்டும். இதையெல்லாம் காட்டும் ஒரே இடம் போலீஸ் டாக்கெட். டாக்கெட்டில் மூன்று பகுதி உண்டு. ஏ பகுதியில் வாக்குமூலங்கள். அதில் ஏ1 என்பது பிராதுக்காரரின் முதல் வாக்குமூலம். பி பகுதியில் கடிதப் போக்குவரத்து. சி பகுதி விசாரணை அதிகாரியின் நாட்குறிப்பு. ஏ1இல் தலைவர் என்ன சத்தியம் செய்தார் என்று பாருங்கள். பிறகு சி பகுதியை வரிவரியாகப் படியுங்கள்: “பிராதுக்காரர் மறுபடி போன் செய்தார், எப்போது கைது என்று கேட்கிறார்” என்கிற மாதிரிக் குறிப்பு ஒன்றிரண்டு இருந்தால் அது உங்களுக்குத் தங்கம். முதல் பிராசிகியூட்டர் ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பினாரா, அதற்குப் பிறகு தலைவர் கூடுதல் வாக்குமூலம் கொடுத்தாரா என்பதும் அங்கேதான் இருக்கும். டாக்கெட் நகல் கேட்க 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டத்தில் 2ஆம் எண் படிவம் உண்டு. 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால், வழக்குப் போட்டபின் ஆவணம் காட்டும் கட்டத்தில் கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது தூணுக்கு அளவுகோல் 1955ஆம் ஆண்டு பெக்கன்ஸ்ட்ராட்டர் தீர்ப்பு: குற்றம் நடந்தது என்று அவர் மனதார நம்பினாரா, அந்த நம்பிக்கைக்கு நிதானமான ஒருவரை நம்பவைக்கும் ஆதாரம் அவரிடம் இருந்ததா. இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் காரணம் இல்லை என்றாகிவிடும். உங்கள் விஷயத்தில் கேள்வி இப்படி வரும். அந்த 86,000 ரேண்டும் பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் கொடுத்தது என்கிறீர்கள். கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு வாசித்தேன், தலைவரே குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டார் என்கிறீர்கள். அந்தக் கூட்டம் எந்தத் தேதி? ஏ1 வாக்குமூலம் எந்தத் தேதி? கூட்டம் முன்னாலும் வாக்குமூலம் பின்னாலும் இருந்து, வாக்குமூலத்தில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால், இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முதல் இரண்டு தூணும் நின்றுவிடும். தேதி மாறியிருந்தால், அல்லது பந்தல்காரரின் பில்லில் 61,000 என்றும் உங்கள் கணக்கில் 86,000 என்றும் இருந்தால், தலைவருக்குச் சந்தேகப்படக் காரணம் இருந்தது என்று ஆகிவிடும். அந்தச் சந்தேகம் தப்பு என்று பின்னால் தெரியவந்தாலும் பயனில்லை. ஆகவே வக்கீலைப் பார்க்கப் போகும் முன்னால் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், பேங்க் அறிக்கை, பில் நான்கையும் வரிசைப்படுத்தி நீங்களே ஒரு முறை எதிராளியின் கண்ணோடு பாருங்கள்.

மூன்றாவது, கெட்ட எண்ணம். இங்கே “மாலிஸ்” என்று சொன்னாலும் சட்டம் கேட்பது வெறுப்பை அல்ல. உங்களுக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தும், வழக்குக்குக் காரணம் இல்லை என்று தெரிந்தும் செய்தாரா என்பதுதான். காரணம் இல்லாமல் இருக்கலாம் என்று மனதில் பட்டும் “ஆனது ஆகட்டும்” என்று துணிந்திருந்தால் அதுவும் போதும். அஜாக்கிரதை மட்டும் இருந்தால் போதாது. எவ்வளவு பெரிய அஜாக்கிரதையானாலும் சரி. உங்கள் வாட்ஸ்ஆப் வரி இங்கேதான் வேலை செய்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அல்ல. கேஸ் எதற்காக ஓடவேண்டும் என்பதை அது சொல்கிறது. கேஸில் சரக்கு இருந்ததா என்பதை அது சொல்லவில்லை. ஒரு கால்தான் அது. இன்னொரு காலைக் குறிப்பேடுதான் தரவேண்டும். அந்த வரியைக் காப்பாற்றி வைப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை மாற்றாதீர்கள், அந்தக் குழுவின் முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், குழுவில் இருந்த வேறு ஒருவர் சாட்சி சொல்லத் தயாரா என்று கேட்டு வையுங்கள். மின்னணுச் செய்தி சாட்சியமாகச் செல்லும் என்று 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் முன்னும் பின்னும் வெட்டிய ஒரே வரி என்றால், அது எந்தக் கேஸைப் பற்றியது என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். உங்கள் பக்கம் மூன்று கேஸ் இருக்கிறதே.

நான்காவது தூணில் ஒரு சிக்கல் உண்டு. வாபஸ் இரண்டு வகை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று நீங்கள் கோர்ட்டில் பதில் சொல்வதற்கு முன்னால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் (அ) பிரகாரம் வாபஸ் வாங்கினால் அது விடுதலை ஆகாது. பிராசிகியூட்டர் மறுபடியும் போடலாம். பதில் சொன்னபின் வழக்கை நிறுத்தினால் விடுதலை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இந்த இரண்டிலும் சேராது. அது முடிவே அல்ல. முதல் வகை வாபஸை “தோற்ற வழக்கு” என்று கொள்வதா என்பதில் தீர்ப்புகள் ஒரே குரலில் பேசவில்லை. மறுபடி போட எண்ணமில்லை என்று தெளிவாக இருந்தால் ஏற்றுக்கொண்டதும் உண்டு. தற்காலிக வாபஸ் என்று தள்ளியதும் உண்டு. குற்றப்பத்திரிகையின் அத்தாட்சி நகலைக் கோர்ட் கிளார்க்கிடம் வாங்கி, கடைசி நாளில் மாஜிஸ்திரேட் கையால் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். முதல் வகை என்றால், மேற்கொண்டு வழக்கு நடத்தப்போவதில்லை என்று எழுத்தில் தரும்படி பிராசிகியூஷன் அலுவலகத்துக்கு உங்கள் வக்கீல் கடிதம் போடட்டும். அந்த ஒரு தாளுக்காக இரண்டு மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் அதற்காக நோட்டீஸை நிறுத்திவைக்காதீர்கள்.

இரண்டாவது விஷயம், உயர் நீதிமன்றத் தடை. சிவில் வழக்கைத் தவறாகப் பயன்படுத்தியதற்கும் நஷ்ட ஈடு உண்டு. தூண்கள் ஏறக்குறைய அதே நான்கு, கூடவே பணநஷ்டமோ மானநஷ்டமோ காட்டவேண்டும். ஆனால் நடைமுறையில் இது மிகவும் ஒல்லியான பாதை. தடை ரத்தானபோது செலவுத்தொகை பற்றி நீதிபதி என்ன சொன்னார் என்பதுதான் முதல் கேள்வி. “அவரவர் செலவு அவரவருக்கு” என்று சொல்லியிருந்தால், அந்த வக்கீல் செலவை நஷ்ட ஈடு என்று வேறு பெயர் வைத்துத் திரும்பக் கேட்க முடியாது. அந்தக் கோர்ட் முடிவெடுத்துவிட்டது. உங்களுக்குச் செலவு கொடுக்கச் சொல்லியிருந்தால், பில் தயாரித்து டாக்ஸிங் மாஸ்டரிடம் (செலவுத்தொகையைக் கணக்கிட்டு நிர்ணயிக்கும் கோர்ட் அதிகாரி) போய் வசூலியுங்கள். கட்டியதில் ஒரு பங்குதான் வரும். மறுதரப்புக்குத் தெரியாமல் தடை கேட்பவர், தனக்குப் பாதகமான உண்மையையும் சேர்த்துச் சொல்லியாகவேண்டும் என்பது இங்கே உறுதியான விதி. பொதுக்குழு இரண்டு வாரத்தில் என்பதையும், அதில் நீங்கள் போட்டியிடுகிறீர்கள் என்பதையும் அவர் பிரமாணப் பத்திரத்தில் மறைத்திருந்தால், அப்போதே அதைக் காட்டி வக்கீல்-கட்சிக்காரர் அளவில் (சாதாரண அளவைவிட அதிகமாக) கூடுதல் செலவு கேட்டிருக்கலாம். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது இதே நிலையில் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களுக்குத் தெரியாமல் வாங்கிய உத்தரவை மறுதேதிக்குக் காத்திருக்காமல் 24 மணி நேர நோட்டீஸில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளச் செய்யலாம், அவசர உத்தரவை மறுபரிசீலனை செய்யவும் கேட்கலாம். உயர் நீதிமன்ற விதி 6இன் எட்டாவது, பன்னிரண்டாவது உட்பிரிவுகள் அதற்குத்தான். பொதுக்குழுவுக்கு முன்னாலேயே தடையை உடைத்திருந்தால், பின்னால் நஷ்ட ஈடு கேட்டு அலையும் வேலை பாதி மிச்சம்.

மூன்றாவதான தொல்லை மனு 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டத்தில் வருவது. அதில் சாதாரணமாகச் செலவுத்தொகை கிடையாது. விளையாட்டாகவோ, வதைக்கவோ, நியாயமில்லாமலோ மனுப் போட்டார் என்று மாஜிஸ்திரேட் திருப்திப்பட்டால் மட்டும் உண்டு. தள்ளுபடி ஆன அன்று உங்கள் தரப்பு அதைக் கேட்டதா என்று பாருங்கள். கேட்காமல் விட்டிருந்தால், அதற்கென்று தனி வழக்குப் போடுவது என் கணக்கில் காசைக் கரைப்பதுதான்.

கோர்ட் நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்வது என்று தனியாக ஒன்று சொல்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். இங்கே அது பெரும்பாலும் கேடயம், வாள் அல்ல. உங்கள்மேல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, இது கோர்ட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது என்று சொல்லி நிறுத்தலாம். 2023 ஜூனில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி ஜேக்கப் ஜூமா தன்மேல் வழக்கு நடத்தும் பிராசிகியூட்டர்மேலும் ஒரு பத்திரிகையாளர்மேலும் போட்ட தனியார் கிரிமினல் வழக்கை இப்படித்தான் ரத்து செய்தது. 2022 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் ரெடெல் வழக்கில், சுரங்கக் கம்பெனி சுற்றுச்சூழல் ஆர்வலர்கள்மேல் 14.25 மில்லியன் ரேண்ட் கேட்டுப் போட்ட மானநஷ்ட வழக்கைப் பற்றிப் பேசும்போது, வாயை அடைக்கப் போடும் வழக்கு என்ற எதிர்வாதத்தை ஒப்புக்கொண்டது. அங்கேயும் உள்நோக்கம் மட்டும் போதாது, வழக்கில் சரக்கு இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும் என்றே சொன்னது. அதே இரண்டு கால் கணக்கு. இதை வைத்து, முடிந்துபோன வழக்குக்குத் தனியாக நஷ்ட ஈடு வாங்குவதற்கு உறுதியான வழி இன்னும் போடப்படவில்லை. விடாமல் வழக்குமேல் வழக்குப் போடுபவரை, கோர்ட் அனுமதியில்லாமல் இனி வழக்கே போடக்கூடாது என்று தடுக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது கோர்ட் நடவடிக்கையைத்தான் பார்க்கும். போலீஸ் பிராதை எண்ணாது. உங்கள் கணக்கில் இரண்டு மனுதான் மிஞ்சும். அது போதாது என்றே நினைக்கிறேன்.

ஆக, ஒரே சம்மனில் தலைவர்மேல் பொய் வழக்கும் போலீஸ்மேல் கைதும் போடலாம். தடையையும் தொல்லை மனுவையும் தனிக் கோரிக்கையாக வைக்காமல், கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியமாக மட்டும் உள்ளே கொண்டுவரலாம். மூன்றும் ஒரே பொதுக்குழுவைச் சுற்றி நடந்தன என்பதே ஒரு சாட்சியம்.

யார்மேல் என்பதையும் யோசியுங்கள். தடை மனுவைக் கோயில் பெயரில் போட்டாரா, தன் பெயரிலா? கோயில் பெயரில் என்றால் கமிட்டித் தீர்மானம் இருந்ததா? வக்கீல் பீஸ் கோயில் கணக்கிலிருந்து போனதா? கோயிலையும் பிரதிவாதியாகச் சேர்த்தால் ஒருவேளை பணம் வசூலிக்க எளிது, ஆனால் அது உண்டியல் காசு. ஜெயித்துவிட்டு அதே கோயிலில் கற்பூரம் காட்டப் போக உங்களால் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். என்னைக் கேட்டால் ஆள்மேல் மட்டும் போடச் சொல்வேன்.

எந்தக் கோர்ட் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிறு கோரிக்கை நீதிமன்றம் 20,000 ரேண்ட் வரை எடுக்கும், வக்கீல் வேண்டாம், சுலபம் என்று ஆட்கள் சொல்வார்கள். பொய் வழக்கு, சட்டவிரோதக் கைது, மானநஷ்டம் மூன்றையும் அந்தக் கோர்ட் எடுக்கக் கூடாது என்று 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது. 200,000 ரேண்ட் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் கோர்ட், அதற்கு மேல் 400,000 வரை பிராந்தியக் கோர்ட், அதற்கும் மேலே உயர் நீதிமன்றம். தொகையை ஊதிப் பெருக்கி உயர் நீதிமன்றத்தில் போட்டு, கடைசியில் சின்னத் தொகை கிடைத்தால், செலவை மாஜிஸ்திரேட் கோர்ட் அளவில்தான் தருவார்கள். வித்தியாசம் உங்கள் பையிலிருந்து.

எவ்வளவு கிடைக்கும்? கிரிமினல் வழக்கை எதிர்த்து நிற்க வக்கீலுக்குக் கட்டிய பணத்தை ரசீதோடு கேட்கலாம். வேலைக்குப் போகாத வாய்தா நாட்களின் சம்பளத்தையும் கேட்கலாம். மனவேதனைக்கும் மானத்துக்கும் கொடுப்பது நீதிபதியின் மனக்கணக்கு. 2009இல் டியூலு வழக்கில், கொஞ்ச நேரக் கைதுக்குக் கீழ்க்கோர்ட் கொடுத்த 50,000 ரேண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 15,000 ஆகக் குறைத்தது. இது ஆறுதல் பணம், பணக்காரராக்க அல்ல என்றது. மறுபக்கம், 2021இல் மஹ்லாங்கு வழக்கில் எட்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்த இருவருக்கு அரசியல் சாசன நீதிமன்றம் 550,000, 500,000 என்று கொடுத்தது. இரண்டுமே கைது, காவல் பற்றியவை. உங்கள் மூன்று இரவுக்கு இவற்றில் எதையும் அப்படியே பொருத்த முடியாது. வக்கீல் ஜெயித்தால்தான் பீஸ் என்று எடுத்துக்கொண்டால், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வெற்றி பீஸ் வழக்கமான பீஸின் இரண்டு மடங்கையோ, கிடைத்த பணத்தில் 25 சதவீதத்தையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். தோற்றால் தலைவரின் செலவை யார் கட்டுவது என்று அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் நீங்கள்தான்.

இன்னொன்று. அதே வாட்ஸ்ஆப் குழுவில் அவர் உங்களைத் “திருடன்” என்று எழுதியதாகப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். போலீஸில் சொன்ன வார்த்தைக்கு ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு. அறுபது பேர் இருக்கும் குழுவில் போட்டதற்கு அது கிடையாது. மானநஷ்ட வழக்கில் வார்த்தையையும் அது பரவியதையும் நீங்கள் காட்டினால் போதும், உண்மை என்றும் பொதுநலம் என்றும் நிரூபிப்பது அவர் பாடு. பொய் வழக்கின் நான்கு தூணை நட்டு நிறுத்துவதைவிட இது பல மடங்கு சுலபம். மூன்று வருடம் அந்தச் செய்தி போட்ட தேதியிலிருந்து ஓடுகிறது, வழக்கு முடிந்த தேதியிலிருந்து அல்ல, தேதியைப் பாருங்கள்.

கோபத்தில் அவர்மேல் பொய்ச்சத்தியப் பிராது கொடுக்க ஓடாதீர்கள். ஏ1 நகல் கையில் வந்து, பொய் என்று தாளில் காட்ட முடிந்தபிறகு அதைச் செய்யலாம். அதற்கு முன் செய்தால் நீங்கள் அவர்மேல் சாட்டும் அதே குற்றத்தை உங்கள்மேல் சாட்ட அவருக்கு வாய்ப்பு. “பணம் கொடு, இல்லாவிட்டால் கேஸ் போடுவேன்” என்று மெசேஜ் அனுப்புவது அதைவிட மோசம். அது மிரட்டிப் பணம் பறிப்பதாகத் திரும்பும்.

இந்த வாரமே மூன்று காரியம். போலீஸுக்கும் பிராசிகியூஷனுக்கும் நோட்டீஸ். சாட்ஸ்வர்த் கோர்ட் கிளார்க்கிடம் குற்றப்பத்திரிகையின் அத்தாட்சி நகல். டாக்கெட்டுக்கு 2ஆம் எண் படிவம். அந்தக் கமிட்டிக் குறிப்பேடு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? தலைவர் வீட்டில் என்றால், உங்களிடம் இருக்கும் போட்டோ நகலில் கையெழுத்தும் தேதியும் தெளிவாகத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.